ஏதென்ஸ் அறிஞர் நகைத்தது ஏன்?

உலகத்தைப் படைத்தவர் யார் என்று ஞானோபதேச வகுப்பிலே கேட்டால், மிகச் சிறிய பிள்ளையும் கடவுள் என்று தயங்காமல் விடை சொல்லும். எதிலிருந்து படைத்தார் என்று கேட்டால், ஒன்றுமில்லாமையிலிருந்து என்று அதே வேகத்தில் சொல்லும். முதல் விடையை உலகின் பெரும்பாலான சமயங்கள் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது விடையோ அப்படியன்று. பழைய உலகின் பேரறிஞர்களை அது திகைக்க வைத்தது. சிலரை நகைக்கவும் வைத்தது. அந்த விடையிலே அப்படி என்ன இருக்கிறது? அதை நம்புவதாலோ நம்பாமல் விடுவதாலோ நம் வாழ்வில் என்ன மாறிவிடப் போகிறது? இக்கேள்விகளோடு நாம் ஏதென்ஸ் நகருக்குச் செல்வோம்.

சந்தைவெளியில் ஒரு யூதர்

கி.பி. 50ஆம் ஆண்டளவில் புனித சின்னப்பர் ஏதென்சுக்கு வந்தார். தெசலோனிக்கேயிலும் பெரோயாவிலும் கலகம் எழுந்தபடியால் அங்கிருந்து வெளியேறி, சீலாவும் திமோத்தேயுவும் வந்து சேரும்வரை காத்திருந்தார். அக்காலத்தில் ஏதென்சின் அரசியல் வலிமை மங்கிப் போயிருந்தது. ஆனால் கல்வியில் அதன் பெயருக்கு நிகரில்லை. சோக்கிரட்டீஸ் நடந்த தெருக்களும், பிளேட்டோ கற்பித்த சோலையும், அரிஸ்டோட்டிலின் கழகமும் இருந்த நகர் அது.

சின்னப்பர் அந்நகரின் சந்தைவெளியில் நாள்தோறும் மக்களோடு உரையாடினார். அங்கே எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்னும் இரு பள்ளிகளையும் சேர்ந்த மெய்யியலார் அவரைச் சந்தித்தார்கள். சிலர் அவரைத் தானியம் பொறுக்கும் பறவைக்குரிய பெயரால் இகழ்ந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அறிவுத் துணுக்குகளைப் பொறுக்கி வந்து விற்பவன் என்பது அதன் கருத்து. வேறு சிலர், இவர் அந்நிய தெய்வங்களைப் போதிக்கிறார் என்றார்கள். உயிர்ப்பு என்பதற்கான கிரேக்கச் சொல்லை ஒரு பெண் தெய்வத்தின் பெயர் என்றே அவர்கள் எண்ணியிருக்கலாம் எனப் புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் விளக்கினார். ஆகவே அவரை அரியோப்பாகு மன்றத்துக்கு அழைத்துச் சென்று, அவர் சொல்வதை முறையாகக் கேட்க விரும்பினார்கள். அங்கு அவர் ஆற்றிய உரை அப்போஸ்தலர் பணி நூலின் 17ஆம் அதிகாரத்தில் உள்ளது.

அவர்கள் தலையசைத்த பகுதி

யூதரின் செபக்கூடங்களிலே சின்னப்பர் மோயீசனையும் இறைவாக்கினரையும் எடுத்துக் காட்டிப் பேசுவது வழக்கம். அரியோப்பாகுவில் அவர் விவிலியத்தை ஒருமுறையேனும் பெயர் சொல்லி எடுத்துக் காட்டவில்லை. கேட்போருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கினார். அறியப்படாத தெய்வத்துக்கென எழுப்பப்பட்ட ஒரு பீடத்தை நகரில் கண்டதாகக் கூறி, நீங்கள் அறியாமல் வணங்குபவரையே நான் அறிவிக்கிறேன் என்னும் கருத்தில் பேச்சைத் தொடங்கினார். இத்தகைய பீடங்கள் ஏதென்சின் துறைமுகப் பகுதியில் இருந்தமையை இரண்டாம் நூற்றாண்டுப் பயணியான பௌசானியாசும் குறித்திருக்கிறார்.

அடுத்து அவர் சொன்னவை மூன்று. உலகையும் அதிலுள்ள அனைத்தையும் படைத்தவர் கடவுள்; அவர் மனிதர் கட்டிய கோயில்களுள் அடங்குபவர் அல்லர்; அனைவருக்கும் உயிரையும் மூச்சையும் கொடுப்பவர் அவரேயாதலால், மனிதர் கையிலிருந்து அவருக்குத் தேவையானது எதுவுமில்லை. இதை அவர் சொன்ன நகரில், கி.மு. 438இல் அர்ப்பணிக்கப்பட்ட பார்த்தெனோன் ஆலயம் உயர்ந்து நின்றது. பொன்னாலும் தந்தத்தாலும் பீடியாஸ் சமைத்த அத்தேனா தேவியின் சிலைக்கு அதுவே இல்லம்.

மனித குலம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தது, கடவுள் எவருக்கும் தொலைவில் இல்லை என்பதற்கு அவர் ஒரு கிரேக்கப் புலவரையே சாட்சிக்கு அழைத்தார். மனிதர் கடவுளின் வழித்தோன்றல்கள் என்று பாடிய அராத்தஸ் என்பவரே அப்புலவர். அவர் சின்னப்பரின் சொந்த நாடான சிலிசியாவைச் சேர்ந்தவர்.

இதுவரை கேட்டவர்கள் தலையசைத்திருப்பார்கள் எனலாம். தெய்வங்களுக்குப் பலியும் படையலும் தேவையில்லை என்பது எப்பிக்கூரருக்கு உடன்பாடானதே. மனிதர் யாவரும் ஓரினம், இறைவன் அனைத்திலும் ஊடுருவி நிற்கிறான் என்பதோ ஸ்தோயிக்கரின் சொந்தப் போதனை. ஆனால் ஒரே சொல்லைச் சொல்வோர் யாவரும் ஒரே பொருளைச் சொல்வதில்லை.

குயவனும் களிமண்ணும்

எப்பிக்கூரருக்கு உலகம் என்பது அணுக்களும் வெற்றிடமும் மட்டுமே. தெய்வங்கள் உண்டு, ஆனால் அவை எங்கோ கவலையற்று வாழ்கின்றன, உலகை ஆக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. இறப்பில் அணுக்கள் கலைந்துவிடுவதால் அதற்கு அஞ்ச ஏதுமில்லை என்று அவர்கள் ஆறுதல் கூறினார்கள். ஸ்தோயிக்கருக்கு இறைவன் உலகுக்கு வெளியே நிற்பவன் அல்லன். உலகின் உள்ளே கனலும் அறிவு நெருப்பு. எல்லாம் ஒருநாள் அந்நெருப்பில் ஒடுங்கி, மீண்டும் முன்போலவே தோன்றும்.

இவ்விரு சாராரிலும் வேறுபட்ட பிளேட்டோவோ உலகை ஆக்கிய ஒரு கைவினைஞனைப் பற்றி எழுதினார். ஆனால் அந்தக் கைவினைஞனும் ஏற்கெனவே ஒழுங்கின்றிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தினானேயன்றி, அதை இருக்கச் செய்தவன் அல்லன். அரிஸ்டோட்டில் உலகுக்குத் தொடக்கமே இல்லை என்றார். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் தோன்றாது என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான முடிவு.

இதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பானைக்குக் குயவன் நிமித்த காரணம், திரிகை துணைக் காரணம், மண் முதற்காரணம் என்று சைவ சித்தாந்தம் விளக்கும் உவமையை நம் வாசகர் பலர் கேட்டிருப்பர். அங்கும் உலகின் முதற்காரணமாகிய மாயை தொடக்கமற்றது என்றே கொள்ளப்படுகிறது. மண்ணின்றிப் பானை ஏது என்பது கிரேக்கர் மட்டும் கேட்ட கேள்வியன்று. கூர்ந்து சிந்திக்கும் எவரும் கேட்கக்கூடிய கேள்வி அது.

நகைப்பு எழுந்த இடம்

சின்னப்பர் உரையை இதமாக முடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். பாராட்டும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் தொடர்ந்து பேசினார். கடவுள் உலகுக்குத் தீர்ப்பிட ஒரு நாளைக் குறித்திருக்கிறார். அதற்கென ஒருவரை ஏற்படுத்தி, அவரை இறந்தோரிடமிருந்து உயிர்ப்பித்து உறுதி தந்திருக்கிறார் என்றார். அந்த இடத்திலேதான் நகைப்பு எழுந்தது. சிலர் கேலி செய்தார்கள். சிலர் இதைப் பற்றி வேறொரு முறை கேட்போம் என்று எழுந்தார்கள்.

அந்த மன்றத்தின் பெயரோடு பழைய நினைவொன்றும் சேர்ந்திருந்தது. கி.மு. 458இல் எஸ்கிலஸ் என்னும் நாடகப் புலவர், அரியோப்பாகு நீதிமன்றம் தோன்றிய கதையை மேடையேற்றினார். அந்நாடகத்திலே அப்பொல்லோ தெய்வம், மாண்டவனின் குருதியை மண் குடித்த பின்னர் அவனுக்கு எழுச்சி இல்லை என்று தீர்ப்புப் போலச் சொல்கிறது. எழுச்சிக்கு அங்கே வரும் சொல்லையே சின்னப்பரின் போதனையைப் பற்றிக் கூறும்போது புனித லூக்காசும் வழங்குகிறார்.

ஏதென்ஸ் அறிஞர் படைத்தவரை ஏற்றுக்கொண்டு உயிர்ப்பை மட்டும் மறுத்தார்கள் என்று நாம் நினைப்பது வழக்கம். உண்மையில் அவர்கள் படைத்தவரையே புரிந்துகொள்ளவில்லை. கிடைத்த மண்ணைக் கொண்டு பானை வனைபவராகவே கடவுள் இருந்தால், மண் கெட்டுப்போகும் இடத்திலே அவர் ஆற்றலும் முடிந்துவிடும். பானை உடைந்தால் குயவன் கையை உதறிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் எதுவுமே இல்லாத இடத்திலே இருப்பைத் தந்தவர் அவரென்றால், கல்லறை அவருக்கு எல்லையாகுமோ? படைப்பும் உயிர்ப்பும் இரு வேறு கோட்பாடுகள் அல்ல. ஒன்றை உண்மையாக ஏற்றவர் மற்றதை நகைக்க இயலாது. சின்னப்பரே உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், இறந்தோருக்கு உயிரளிப்பவரும் இல்லாததை இருக்கும்படி அழைப்பவரும் ஒருவரே என்னும் கருத்தில் இரண்டையும் இணைத்து எழுதுகிறார்.

ஒரு தாய் தந்த விடை

இவ்விணைப்பைச் சின்னப்பருக்கு முன்பே சொன்னவர் ஒரு மெய்யியலார் அல்லர். பெயர் தெரியாத ஒரு தாய். மக்கபே இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரம் அவளுடைய வரலாற்றைக் கூறுகிறது. அந்தியோக்குஸ் அரசன் இறைச் சட்டத்தை மீறும்படி ஏழு சகோதரரை வற்புறுத்துகிறான். மறுத்த ஒவ்வொருவரும் தாயின் கண்முன்னே சித்திரவதை செய்யப்பட்டு மடிகின்றனர். கடைசி மகனை மனம் மாற்றும்படி அரசன் தாயையே ஏவுகிறான்.

அவள் அவன் பக்கம் குனிந்து, தங்கள் சொந்த மொழியில் பேசுகிறாள். வானையும் மண்ணையும் பார், இவற்றையெல்லாம் கடவுள் ஏற்கெனவே இருந்த பொருளிலிருந்து ஆக்கவில்லை, மனித குலமும் அவ்வாறே உண்டாயிற்று, ஆகவே சாவுக்கு அஞ்சாதே என்பதே அவள் சொன்னதன் சாரம். அதற்கு முன்னரே அவள் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லியிருந்தாள். என் வயிற்றில் நீங்கள் எப்படி உருவானீர்கள் என்று நான் அறியேன். உங்களுக்கு மூச்சைத் தந்தது நானல்ல. தந்தவரே அதைத் திருப்பியும் தருவார் என்றாள்.

ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தல் என்னும் உண்மை பழைய ஏற்பாட்டிலே மிகத் தெளிவாக ஒலிக்கும் இடம் இதுவே. அது ஒலித்தது கல்விக் கழகத்திலன்று, கொலைக்களத்தில். உலகம் எப்படித் தோன்றிற்று என்னும் ஆராய்ச்சிக்காகவா அவள் அதைச் சொன்னாள்? சாகப்போகும் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபோது அதைச் சொன்னாள்.

நூறாண்டு வாதம்

திருச்சபையின் சிந்தனையாளரும் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் காலம் எடுத்தது. மெய்யியலாரின் மேலங்கியைக் கழற்றாமலே கிறிஸ்தவரான புனித யுஸ்தீன், 155ஆம் ஆண்டளவில் எழுதிய தமது விளக்கவுரையில், கடவுள் உருவற்ற பொருளிலிருந்து உலகை ஆக்கினார் என்று பிளேட்டோவின் வழியிலேயே பேசினார். ஆயினும் உயிர்ப்பைக் காக்க அவர் காட்டிய நியாயம் சிறந்தது. நீங்கள் இன்னும் பிறவாதிருந்து, ஒரு துளி வித்தைக் காட்டி இதிலிருந்து முழு மனிதன் உண்டாவான் என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா என்று அவர் கேட்டார்.

180ஆம் ஆண்டளவில் அந்தியோக்கியா ஆயர் தெயோப்பிலுஸ் நேராகவே பேசினார். பொருள் என்றும் இருந்ததாயின் அதுவும் கடவுளுக்கு நிகராகிவிடும். இருப்பதைக் கொண்டு விரும்பியதைச் செய்வது மனிதக் கைவினைஞனாலும் கூடியதே. அதில் கடவுளின் மேன்மை எங்கே என்பது அவர் வாதம்.

எதிர்த்தரப்பும் சளைக்கவில்லை. புகழ்பெற்ற மருத்துவரான கேலன், கண்ணிமை மயிர் ஏன் ஓரளவுக்கு மேல் வளர்வதில்லை என்று ஆராயும் இடத்திலே மோயீசனின் போதனையை எடுத்து ஆராய்ந்தார். சாம்பலிலிருந்து குதிரையையோ மாட்டையோ ஆக்க நினைத்தாலும் கடவுளால் முடியும் என்பது மோயீசனின் கொள்கை. இயல்பிலேயே ஆகாதவை சில உண்டு, ஆகக்கூடியவற்றுள் சிறந்ததையே கடவுள் தேர்கிறார் என்பது எங்கள் கொள்கை என்றார். இருபக்கமும் எங்கே பிரிகின்றன என்பதை இவ்வளவு நேர்மையாகக் கண்டு சொன்ன எதிராளி அரிது.

யுஸ்தீனின் முடிவு நாம் மறக்கலாகாதது. 165ஆம் ஆண்டளவில் உரோமையில் அவருக்குத் தீர்ப்பிட்ட நகராளுநர் ருஸ்திக்குஸ் ஒரு ஸ்தோயிக்க மெய்யியலார். பேரரசர் மார்க்கஸ் ஒரேலியசின் ஆசிரியர். உன் தலை போன பின்பு விண்ணேறுவாய் என்று எண்ணுகிறாயோ என்று அவர் கேட்டார். எண்ணவில்லை, உறுதியாக அறிந்திருக்கிறேன் என்னும் கருத்தில் யுஸ்தீன் மறுமொழி சொன்னார். அரியோப்பாகுவில் நகைப்பாக இருந்தது, நூற்றுப் பதினைந்து ஆண்டுகளில் வாளாக மாறியிருந்தது.

துயரத்துக்கு இரு மருந்துகள்

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இதை நம்புவதால் என்ன மாறுகிறது?

எப்பிக்தேத்துஸ் என்னும் ஸ்தோயிக்கர் அடிமையாயிருந்து ஆசிரியராக உயர்ந்தவர்; மதிக்கத்தக்கவர். உன் குழந்தையை முத்தமிடும்போது, இது இறக்கக்கூடியது என்று உனக்குள் சொல்லிக்கொள் என்று அவர் போதித்தார். மார்க்கஸ் ஒரேலியஸ் அந்தப் போதனையைத் தமது குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அவர் தம் பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த தகப்பன். இதைக் கேட்டு நாம் நகைத்தல் தகாது. உலகம் திரும்பத் திரும்பச் சுழலும் சக்கரம், பிள்ளை அதில் ஒரு பொறி என்றால், பாசத்தை அளந்து வைத்துக்கொள்வதே அறிவு. அந்தக் கொள்கையில் இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

மக்கபே தாய் தன் பாசத்தை அளந்து வைக்கவில்லை. பிள்ளை இறக்கக்கூடியவன் என்பது அவளுக்கும் தெரியும், கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கண்ட உலகில் அவன் ஒரு பொறியல்லன். வேண்டுமென்றே, பெயர் சொல்லி, எந்தத் தேவையும் இல்லாதவரால் இருக்கும்படி அழைக்கப்பட்டவன். தேவைக்காகச் செய்த பொருளைத் தேவை முடிந்ததும் எறியலாம். தேவையே இல்லாதவர் ஒன்றை ஆக்கினாரென்றால் அன்பைத் தவிர வேறு காரணம் இல்லை. அன்பினால் ஆக்கியதை அவர் எறிவாரோ? கடவுளுக்கு எதுவும் தேவையில்லை என்று அரியோப்பாகுவில் சொல்லப்பட்டதன் ஆழம் இங்கேதான் விளங்குகிறது.

இதனால் உடலுக்கும் மதிப்பு உண்டாகிறது. அழுகிய உடலை எந்த ஆன்மா மீண்டும் விரும்பும் என்னும் கருத்தில் செல்சுஸ் என்பவர் 178ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவரை ஏளனம் செய்தார். உடல் ஆன்மாவின் பழந்துணி என்போருக்கு அது சரியான கேள்வியே. உடலும் கடவுளின் கொடையென்றால் பசித்தவனின் வயிறும், நோயாளியின் புண்ணும், அடிமையின் முதுகும் கடவுளின் காரியமாகிவிடுகின்றன. நான்காம் நூற்றாண்டில் நீசா நகர் ஆயர் புனித கிரகோரியார், சங்கத் திருவுரையாகமத்துக்கு விளக்கம் தந்த மறையுரையொன்றில், கடவுளின் சாயலுக்கு விலை குறிப்பவர் யார் என்று கேட்டு, அடிமைகளை வைத்திருப்பதையே கண்டித்தார். படைப்பை நம்பிய கிறிஸ்தவர்கள் அதற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் அடிமைகளை வாங்கி விற்றார்கள் என்பது நம் வரலாற்றின் வெட்கம். நாவால் அறிக்கையிட்டதைக் கையால் மறுத்தவர்கள் அவர்கள். அரியோப்பாகு நகைப்பைவிட அந்த மறுப்பே கொடியது.

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை, உலகம் பெருவெடிப்பினால் தோன்றியதாமே என்று கேட்கலாம். அந்தக் கொள்கைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், 1927இல் விரிவடையும் அண்டத்தைப் பற்றி எழுதிய பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜோர்ஜ் லெமேத்ர் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதை விசுவாசத்துக்கான நிரூபணமாக்குவதை அவரே விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உலகம் தொடக்கமின்றியே இருந்தாலும், அது கடவுளால் படைக்கப்பட்டதாக இருப்பதில் முரண்பாடு இல்லை என்று புனித தோமஸ் அக்குவைனாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதினார். படைப்பு என்பது என்றோ ஒருநாள் நடந்து முடிந்த சம்பவம் மட்டுமன்று. பாடுபவர் நிறுத்தினால் பாட்டு இல்லை; அதுபோல ஒவ்வொரு கணமும் நாம் அவரால் இருக்கிறோம்.

அன்று விதைத்தது

ஏதென்சில் சின்னப்பர் தோற்றுப்போனார் என்று சொல்வோர் உண்டு. அடுத்துச் சென்ற கொறிந்து நகரில், சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவைத் தவிர வேறெதையும் அறிய விரும்பவில்லை என்று அவர் தீர்மானித்ததை அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அரியோப்பாகுவிலும் அவர் அதை மறைக்கவில்லையே! கேட்பவரின் மொழியில் பேசினார், அவர்கள் புலவரைப் போற்றினார், அவர்கள் பீடத்தை இகழவில்லை. ஆயினும் கைதட்டலுக்காகக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடவில்லை. மரியாதையும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அந்த உரையே சாட்சி.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1990இல் வெளியிட்ட சுற்றுமடலில், தொடர்பு சாதன உலகை இக்காலத்தின் முதல் அரியோப்பாகு என்றார். இன்று அந்த மன்றம் நம் பிள்ளைகளின் உள்ளங்கையிலே ஒளிர்கிறது. அங்கே அவர்கள் கேட்கும் ஐயங்களுக்குக் கோபத்தை விடையாக்காதீர்கள். பிறர் சமயத்தை இகழ்ந்து நம் விசுவாசத்தை உயர்த்த முயலாதீர்கள். அதேவேளை, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அதைத் தேய்த்துக் குறைத்தும் கொடுக்காதீர்கள்.

நவம்பர் மாதத்தில் நாம் குடும்பமாகச் சேமக்காலைக்குச் சென்று, மெழுகுதிரி ஏற்றி, மண்ணின் கீழே இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லிச் செபிக்கிறோம். நம்முள் சிலருக்கு ஏற்றுவதற்குக் கல்லறைகூட இல்லை. ஒரு பிள்ளை எங்கே வீழ்ந்தான் என்று அறியாத வீடுகளும், கடல் கொண்டுபோனவரைத் தேடும் வீடுகளும் நம் பங்குகளில் உள்ளன. உருவாக்க மண் வேண்டும் என்னும் குயவனாகக் கடவுள் இருந்தால், அந்த வீடுகளுக்கு நாம் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து அழைத்தவர் அவரென்றால், அவருக்குக் கல்லறை அடையாளம் தேவையில்லை. அழைத்த பெயர் போதும்.

அன்று பலர் நகைத்துப் போன பின்பு, மன்றத்தின் உறுப்பினரான தியோனீசியுவும் தாமரி என்னும் பெண்ணும் வேறு சிலரும் சின்னப்பரோடு சேர்ந்து விசுவசித்தார்கள். அந்தச் சிலர் கடைசி வாக்கியத்தையும் கேட்டவர்கள்.